இராஜாங்கம் சொன்னால் சிரிப்பார்கள்

நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்குப் போகிற சாலையில், நத்தங்கோட்டகத்துக்குத் திரும்பும் முனையில் இராஜாங்கம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். ஒரு கீற்றுக் கொட்டகை, ஆறேழு சைக்கிள், பஞ்சர் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி, வாசலில் ஒரு கரும்பலகை. எழுபதுகளின் தொடக்கம் அது. சாலையின் ஒரு பக்கம் ஆளும் கழகத்தின் கொடிக்கம்பம், மறுபக்கம் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கொடிக்கம்பம். இரண்டு கொடியின் நிழலும் பொழுதைப் பொறுத்து மாறி மாறிக் கடை மேல் விழும்.

சைக்கிள் எடுக்க வந்தவர்களைவிடப் பலகையைப் பார்க்க வந்தவர்கள் அதிகம். தினமும் காலையில் இராஜாங்கம் அதில் இரண்டு சங்கதிகள் எழுதுவார். மேலே ஒரு செய்தி, கீழே ஒரு நகைச்சுவை. செய்திகள் அல்லா பிச்சையின் மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்க வாங்கிப் போட்டிருக்கும் பழைய பத்திரிகைகளிலிருந்து வந்தவை. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். தீக்கோழிக்கு மூளையைவிடக் கண் பெரியது. இப்படி ஏதாவது. நகைச்சுவை மட்டும் சொந்தச் சரக்கு.

“வாத்தியார்: மேட்டூரில் தண்ணீர் திறந்தால் முதலில் எங்கே வரும்? பையன்: பேப்பரில் வரும் சார்.”

இதை எழுதிய அன்று நீடாமங்கலத்திலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பெரிய பண்ணையின் காரியஸ்தர் பஸ்ஸுக்கு நிற்கிற சாக்கில் ஓரக்கண்ணால் படித்துவிட்டு, சிரிப்பை அடக்க மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். கீழத்தெரு ஆள் ஒருவர் எழுதியதற்கு அவர் பகிரங்கமாகச் சிரிக்க முடியாது.

அந்த வாய்க்காகவே இராஜாங்கத்தைக் கபடிப் போட்டிக்கு மைக் பிடிக்கக் கூப்பிட்டார்கள். பழைய ஆட்கள் சடுகுடு என்றுதான் சொல்வார்கள். நோட்டீஸில் கபடி என்று அச்சடிப்பார்கள். அறுவடை முடிந்த வயலில் கோடு போட்டு, நாலு பக்கமும் கயிறு கட்டி, புங்க மரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிவிட்டால் சுற்றுப்பட்டு கிராமம் முழுக்க அவர் குரல் கேட்கும்.

“இப்ப பாடிப் போறது நம்ம சாமிதுரை. எதிரணிக்காரங்க கொஞ்சம் சூதானமா இருக்கணும். போன வருஷம் இவரு காலப் பிடிச்சவரு, கைக்கு வந்த கால் எங்க போச்சுன்னு இன்னும் தேடிக்கிட்டு இருக்காரு.”

கூட்டம் சிரிக்கும். அவர் தொண்டையைச் செருமினால்கூடச் சிரிக்கும். அடுத்து என்னவோ வரப்போகிறது என்று.

சாமிதுரை இராஜாங்கத்தின் தங்கை அம்சவல்லியின் புருஷன். பெரிய பண்ணையின் நிலத்தில் கொஞ்சம் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்தான். அவன் அப்பா காலத்திலிருந்தே அந்த வயல் அவர்கள் கையில்தான் இருந்தது. எல்லாம் வாய்ப்பேச்சுக் குத்தகை. மற்ற நாளில் கூலிக்குப் போவான். அதிர்ந்து பேசத் தெரியாதவன். கோட்டுக்குள் இறங்கினால் மட்டும் வேறு ஆளாகிவிடுவான்.

அந்த வருஷம் சம்பா அறுப்பில் கூலித் தகராறு. சங்கம் கூலி நெல்லில் கூடுதல் கேட்டது. பண்ணை வெளியூரிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து அறுத்தது. பள்ளிக்கூடத்தில் போலீஸ் வந்து தங்கியது. கடைசியில் கேட்டதில் பாதிகூடக் கிடைக்காமல் கீழத்தெரு ஆட்கள் அரிவாளை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினார்கள். மனசு ஆறவில்லை யாருக்கும். பொங்கலுக்குக் கபடி வந்தது. கீழத்தெரு அணிக்கும் பண்ணையின் செலவில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வந்த பெரிய தெரு அணிக்கும் கடைசி ஆட்டம். சங்கச் செயலாளர் ஜெக்கரியா முதல் வரிசையில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார். அது வெறும் விளையாட்டு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். சுற்றி நின்ற போலீஸ்காரர்களுக்கும் தெரியும்.

சாமிதுரை பாடிப் போனான். ஒருவனைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குப் பாய்ந்தபோது இரண்டு பேர் கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் பக்கவாட்டில் வந்து விழுந்தான். அவன் முழங்கால் சாமிதுரையின் நெற்றிப்பொட்டில் மோத, மறுபக்கப் பொட்டு காய்ந்து வெடித்த களிமண்ணில் அடித்தது. அந்தச் சத்தம் மைக்கில் கேட்டது என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். அப்படிக் கேட்டிருக்க வழியில்லை.

கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தான். தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்தான். எழுந்தான். மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு போய் எதிரணி வரிசையில் நின்றுகொண்டான்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இராஜாங்கத்தின் வாயும் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

“மாப்ளே, அது சம்பந்தி வீடு. நம்ம வீடு இந்தப் பக்கம்.”

சாமிதுரையும் சிரித்துக்கொண்டே இந்தப் பக்கம் வந்தான். திரும்பப் பாடிப் போனான். அதே ஆட்டத்தில் இன்னொரு முறையும் தலை தரையில் மோதியது. கீழத்தெரு ஜெயித்தது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சங்கக் கொடிக்கம்பம் வரை போனார்கள். தோளில் உட்கார்ந்தபடியே இரண்டு தடவை வாந்தி எடுத்தான். வெயிலில் வெறும் வயிற்றோடு ஆடியதால் என்றார்கள். கண் பட்டிருக்கும் என்று அம்சவல்லி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள்.

ஒரு வாரம் தலைவலி என்று படுத்திருந்தான். பிறகு எழுந்து நடமாடினான். சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

சரியாகவில்லை என்பதே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. முதலில் தெரிந்துகொண்டவர் அல்லா பிச்சை. காலையில் உப்பு வாங்கிப் போன சாமிதுரை சற்று நேரத்தில் வந்து திரும்பவும் உப்பு கேட்டான். மத்தியானமும் வந்தான்.

“என்னப்பா, வீட்டுல கருவாடு போடுறியா?” என்று கேட்டார் அல்லா பிச்சை. சாமிதுரைக்குக் கேள்வி புரியவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்ததால் அவனும் சிரித்தான். ஊருக்கு இது ஒரு விளையாட்டாகப் போயிற்று. “இன்னிக்கு உப்பு எத்தன?” என்று டீக்கடையில் பந்தயம் கட்டினார்கள். அம்சவல்லி அதிகப்படி உப்பை எடுத்துக்கொண்டு போய்த் தெருவில் கொடுத்துவிட்டு வருவாள். முகத்தைத் தூக்கி யாரையும் பார்க்கமாட்டாள்.

நடவு சமயத்தில் நாற்று முடியைக் கையில் வைத்துக்கொண்டு வயலின் நடுவில் நின்றான். எதற்கு நிற்கிறோம் என்று தெரியவில்லை. வெளிச்சம் ஒத்துக்கொள்ளவில்லை அவனுக்கு. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கூரை நிழலிலேயே இருந்தான். குரலை உயர்த்தாதவன் ஒருநாள் கஞ்சிச் சட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தான். அடித்துவிட்டு, யார் உடைத்தது என்று கேட்டான்.

“நெசமாத்தான் கேக்குறாருண்ணே,” என்றாள் அம்சவல்லி. “என்னைய ஏய்க்கறதுக்குக் கேக்கல. நெசமாவே தெரியல அவருக்கு.”

இராஜாங்கத்தின் கடையில் சாமிதுரைக்கு ஒரு ஸ்டூல் உண்டு. அவனுக்கு எழுத்து வராது. பலகையைப் படிக்கச் சொல்வான். இராஜாங்கம் படிப்பார். மனசாரச் சிரிப்பான். அரை மணி கழித்து, “மச்சான், இன்னிக்கு என்ன எழுதியிருக்கீங்க?” என்பான். இவர் திரும்பப் படிப்பார். அவன் திரும்பச் சிரிப்பான், முதல் தடவை கேட்கிற மாதிரியே. ஒரு நகைச்சுவைக்கு இதைவிட நல்ல ரசிகன் கிடைக்கமாட்டான். இராஜாங்கத்துக்கு எழுதப் பிடிக்காமல் போனது அப்போதுதான். ஆனாலும் எழுதினார். எழுதாத அன்று, “என்ன மச்சான், பலகை சும்மா இருக்கு?” என்று சாமிதுரையே கேட்டான். அது மட்டும் அவனுக்கு நினைவிருந்தது.

தஞ்சாவூரில் பெரிய டாக்டர் ஒருவரிடம் கூட்டிப் போனார்கள். அவர் சாமிதுரையை நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். மூன்று சாமான் பெயரைச் சொல்லிவிட்டு, வேறு ஏதேதோ பேசிவிட்டு, அந்த மூன்றையும் திருப்பிக் கேட்டார். சாமிதுரை ஒன்றைச் சொன்னான். அதுவும் அவர் சொன்னது இல்லை.

“எப்ப அடிபட்டுது?”

“பொங்கலுக்குங்க. கபடியில,” என்றார் இராஜாங்கம்.

“அது ஒண்ணுதானா? அதுக்கு முன்னாடி?”

இராஜாங்கம் யோசித்தார். அதற்கு முன்னால் எத்தனையோ. ஒவ்வொரு வருஷமும் எத்தனையோ ஊரில். மைக்கில் அவர் சொன்னவைதான் எல்லாம்.

“மண்டை ஓடு உடையலைங்க,” என்றார்.

“உடைய வேண்டாம். தயிர்ப் பானையை வண்டியில வெச்சுக் கரடுமுரடான பாதையில ஓட்டிட்டுப் போறீங்க. பானை உடையலை. உள்ள தயிர் அப்படியேவா இருக்கும்? மூளையும் அப்படித்தான். ஒரு தடவை அடிபட்டா அது ஆறணும். அது ஆறுறதுக்குள்ள அடுத்த அடி பட்டா அப்புறம் ஒண்ணும் சொல்ல முடியாது. அன்னிக்கே வெளிய உக்கார வெச்சிருக்கணும்.”

“இப்ப என்னங்க பண்ணலாம்?”

“தலைவலிக்கு மாத்திரை எழுதித் தர்றேன். இனிமே தலையில அடிபடாமப் பாத்துக்குங்க.”

“ஞாபகம் திரும்புமாங்க?” அம்சவல்லி கேட்டாள். அதுவரை கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

டாக்டர் அவளைப் பார்த்தார். “சில பேருக்குக் கொஞ்சம் தேறுதும்மா,” என்றார். மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து மூடி போட்டார். அதோடு பேச்சு முடிந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது சாமிதுரை ஜன்னலோரம் உட்கார்ந்து, எங்கே போய்விட்டு வருகிறோம் என்று ஒவ்வொரு ஊர் வந்தபோதும் கேட்டான்.

மறுநாளிலிருந்து பலகையில் மூன்றாவதாக ஒரு வரி வந்தது. செய்தி, நகைச்சுவை, அதற்கும் கீழே தலைக்காயம். “விளையாட்டில் தலையில் அடிபட்டால் அன்று திரும்ப ஆடக் கூடாது.” “ஆட்டக்காரர் நினைவு தடுமாறினால் அது சிரிக்கிற விஷயம் இல்லை.” “வாந்தி, தலைவலி, வெளிச்சம் கூசுதல் இருந்தால் டாக்டரிடம் போகவும்.” தினம் ஒன்று. வாசகத்தை மாற்றி மாற்றி எழுதினார்.

ஜனங்கள் மூன்றாவது வரியையும் படித்தார்கள். படித்துவிட்டு, “இதுல எங்கண்ணே சிரிப்பு?” என்று கேட்டார்கள். சிலர் கேட்காமலே சிரித்தார்கள். இராஜாங்கம் எழுதினால் உள்ளே ஏதாவது குசும்பு இருக்கும் என்று அவர்களுக்கு நம்பிக்கை. நீடாமங்கலத்து வாத்தியார் ஒருவர், “இது அரசாங்கத்தைக் கிண்டல் பண்றதா?” என்று ரகசியமாகக் கேட்டார்.

சாமிதுரைக்குப் பிறகு கீழத்தெரு அணிக்குப் பாடிப் போகிறவன் ஐயாவு. இருபத்திரண்டு வயசு, கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் எடுக்க வந்தவனை இராஜாங்கம் நிறுத்தி மூன்றாவது வரியைக் காட்டினார்.

“தம்பி, இத வெளையாட்டா நெனைக்காத. தலையில பட்டா வெளிய வந்துரு.”

“நீங்கதானண்ணே போன மாசம் எழுதுனீங்க, மரங்கொத்தி நாளெல்லாம் மரத்துல மண்டைய மண்டைய முட்டும், அதுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு.”

“அது பறவடா.”

“பறவைக்கே ஒண்ணும் ஆவலங்கறேன்.”

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஐயாவு மரியாதை கெட்டவன் இல்லை. அண்ணனுக்குப் பதிலுக்கு ஒரு நகைச்சுவை சொல்லிவிட்ட சந்தோஷத்தில் பெல் அடித்துக்கொண்டு போனான். மரங்கொத்தியை ஏன் எழுதினோம் என்று இராஜாங்கம் அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பொங்கலும் வந்தது. அந்த வருஷமும் அறுப்புத் தகராறு தீரவில்லை. அதே வயல், அதே இரண்டு அணி. இராஜாங்கம் மைக் பிடிக்க ஒப்புக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பலகையில் எழுதினால் எழுத்துத் தெரிந்தவர்கள்தான் படிப்பார்கள். மைக்கில் சொன்னால் ஆட்டக்காரன் காதிலேயே விழும் என்று நினைத்தார். ஆட்டம் தொடங்குமுன் இரண்டு நிமிஷம் தலைக்காயத்தைப் பற்றிப் பேசினார். தயிர்ப் பானையைச் சொன்னார். தயிர்ப் பானை என்றதும் சிரிப்பு. “சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்,” என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

இரண்டாம் பாதியில் ஐயாவு பாடிப் போய்ப் பிடிபட்டு விழுந்தான். பின்மண்டை தரையில் மோதியது. எழுந்தான், தள்ளாடினான், ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டான்.

“ஐயாவு, வெளிய வா,” என்றார் இராஜாங்கம் மைக்கில். “ஆட்டத்த நிறுத்துங்க. அந்தத் தம்பி வெளிய வரணும்.”

கூட்டம் காத்திருந்தது, அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று. அவர் மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றைத் தாண்டி உள்ளே போய், நடுக்கோட்டில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டியோடு சம்மணம் போட்டு. அப்போதும் சிரித்தார்கள். நடுவர் விசில் ஊதிவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார். பெரிய தெருப் பக்கம், கீழத்தெரு ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டது என்று கத்தினார்கள். அதைக் கேட்டதும் இந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

ஜெக்கரியா பெஞ்சைவிட்டு எழுந்து வந்தார். நல்ல மனுஷன். சங்கத்துக்காக ஜெயிலுக்குப் போய் வந்தவர்.

“எந்திரி இராஜாங்கம்.”

“தோழர், அவனுக்குத் தலையில அடி. சாமிதுரையப் பாத்தீங்கள்ல.”

“சாமிதுரைக்கு ஏற்கெனவே ஏதோ இருந்துருக்கு. இங்க சுத்தி நிக்கிறவன் அத்தன பேரும் பாத்துக்கிட்டு இருக்கான். பண்ணை ஆளுங்க முன்னாடி இப்படி வந்து உக்காந்தா என்ன அர்த்தம்? யாரு சொல்லி உக்காந்த?”

“டாக்டர் சொன்னாருங்க.”

“டாக்டர் எந்தப் பக்கத்து ஆளு?”

 அதற்குள் ஐயாவு தானே வந்து குனிந்து, அவரைக் கக்கத்தில் கை கொடுத்து அப்படியே தூக்கினான். குழந்தையைத் தூக்குகிற மாதிரி. கயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து மெதுவாக நிறுத்தினான்.

“ஒண்ணும் இல்லண்ணே எனக்கு. நீங்க பயப்படாதீங்க,” என்றான்.

அவனுக்கு உண்மையிலேயே ஒன்றும் ஆகவில்லை. திரும்பப் பாடிப் போனான். கீழத்தெரு அந்த வருஷமும் ஜெயித்தது. வாந்தி இல்லை, தலைவலி இல்லை. மறுநாள் காலையில் கடைக்கு வந்து, “அண்ணே, கணக்குக் கேளுங்க,” என்றான். இராஜாங்கம் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவனே, “ஏழு பதிமூணு தொண்ணூத்தியொண்ணு. சரியா?” என்றான். சரிதான். ஐயாவுக்குத் தையில் பெண் பேசி முடித்தார்கள், வைகாசியில் கல்யாணம், பிறகு பிள்ளைகள் பிறந்தார்கள். இன்னும் சில வருஷம் ஆடினான். அவன் தலைக்குக் கடைசிவரை ஒன்றும் வரவில்லை.

இராஜாங்கத்துக்கு அதில் சந்தோஷம்தான். அந்தப் பிள்ளை நன்றாக இருந்துவிட்டானே என்று மாரியம்மன் கோவிலில் கற்பூரம் ஏற்றினார். ஆனால் அதற்கப்புறம் அவர் சொல்ல எதுவும் மிச்சம் இல்லை. அடிபட்டவர் எல்லோருக்கும் ஆகிவிடும் என்று டாக்டர் சொல்லவில்லை, இவரும் சொல்லவில்லை. ஆனால் ஊர் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. ஐயாவு நன்றாக இருக்கிறான், ஆகவே இராஜாங்கம் சொன்னது பொய். பொய் சொன்னார் என்றால் யாருக்காகச் சொன்னார்? இந்தக் கேள்விக்குத் தெருவில் ஒரு பதில் உண்டாயிற்று. காரியஸ்தர் கடை வாசலில் நின்று பலகையைப் பார்த்துச் சிரித்ததைச் சிலர் ஞாபகப்படுத்திக்கொண்டார்கள்.

வேறு சைக்கிள் கடை இல்லாததால் சைக்கிள் எடுக்க வருவதை நிறுத்தவில்லை. பேச்சு குறைந்தது. மூன்றாவது வரியை யாரோ ஈரக் கையால் அழித்துவிட்டுப் போனார்கள். திரும்ப எழுதினார். திரும்ப அழிந்தது. மேலே இருக்கும் செய்தியையும் நகைச்சுவையையும் தொடவில்லை. ஒருநாள் காலையில் இராஜாங்கம் சுண்ணாம்புக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டு, இரண்டோடு நிறுத்திக்கொண்டார்.

அந்தக் கோடையில்தான் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்தார். குத்தகைக்காரர்களை அரசாங்கப் பதிவில் ஏற்றச் சட்டம் வந்திருந்தது. பதிவில் பேர் ஏறிவிட்டால் பண்ணை நினைத்த நேரத்தில் வயலைப் பிடுங்க முடியாது. சங்கம் முயற்சி எடுத்து, நத்தங்கோட்டகத்தில் பலருக்கும் மனுப் போட்டுக் கொடுத்திருந்தது. சாமிதுரைக்கும் போட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் வயலுக்கே வந்து ஒவ்வொருவரையும் விசாரித்தார். ஜெக்கரியா கூடவே நடந்தார். பண்ணையின் தரப்பில் காரியஸ்தர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். சாமிதுரையை இராஜாங்கமும் அம்சவல்லியும் இரண்டு பக்கமும் நின்று அழைத்துவந்தார்கள். வெயிலுக்காகத் தலையில் துண்டு போட்டிருந்தான்.

“சாமிதுரைங்கிறது யாரு?”

“நான்தாங்க,” என்றான். அதில் தடுமாற்றம் இல்லை.

“எந்த வயல் நீ சாகுபடி பண்றது? காட்டு.”

சாமிதுரை சுற்றிலும் பார்த்தான். அறுத்த வயல்கள் வரப்பு வரப்பாக வாய்க்கால் வரைக்கும் போயின.  அன்று காலையிலிருந்து அம்சவல்லி அதைத்தான் அவனுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அவன் கையை நீட்டினான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பண்ணையின் தோப்பை ஒட்டிய வயலைக் காட்டினான்.

“அது பண்ணையோட சொந்தச் சாகுபடி,” என்றார் காரியஸ்தர்.

“இல்லங்க, இதோ இதுங்க,” என்று அம்சவல்லி முன்னால் வந்தாள். “இந்த மதகுலேருந்து அந்தப் பூவரசு வரைக்கும். எங்க மாமனார் காலத்துலேருந்து நாங்கதாங்க.”

“நீ சும்மா இரும்மா. மனு அவர் பேர்ல இருக்கு. அவர்தான் சொல்லணும்.” இன்ஸ்பெக்டர் கடுமையாகச் சொல்லவில்லை. சாமிதுரையிடம் திரும்பி, “பதட்டப்படாதே. எத்தனை வருஷமா பண்றே?” என்று கேட்டார்.

சாமிதுரை இராஜாங்கத்தைப் பார்த்தான். “மச்சான், யாரு இவரு?” என்றான்.

காரியஸ்தர் சிரித்தார். இந்தத் தடவை துண்டால் வாயை மூடிக்கொள்ளவில்லை. “உழுதவனுக்கு வயல் தெரியாதுங்களா?” என்றார்.

ஜெக்கரியா தன் குரலை உயர்த்தினார். ஊரே சாட்சி, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார். இராஜாங்கம் முன்னால் போய்க் கும்பிட்டார்.

“ஐயா, இவருக்குக் கபடியில தலையில அடிபட்டு ஞாபகம் போயிருச்சுங்க. மத்தபடி வயல் இவருதுதாங்க.”

இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார். “நீங்கதானே அந்தப் பலகை எழுதுறவர்? மேட்டூர்த் தண்ணி?” அவர் முகம் மலர்ந்தது. “தாலுகா ஆபீஸ்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம்.”

“இது அப்படி இல்லைங்கய்யா.”

“சரி சரி,” என்றார் இன்ஸ்பெக்டர், சிரிப்பு மாறாமலே. எதையோ குறித்துக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

மற்றவர்களுக்குப் பெரும்பாலும் பதிவாகிவிட்டது. சாமிதுரையின் மனு தள்ளுபடியானது. மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். செய்தார்கள். அங்கேயும் ஆளை நேரில் வரச் சொன்னார்கள். ஆடி பிறப்பதற்குள் பண்ணை அந்த வயலை வேறொருவருக்கு விட்டுவிட்டது.

ஜெக்கரியா ஒரு சாயங்காலம் சைக்கிள் கடைக்கு வந்தார். வெகுநாள் கழித்து வந்ததால் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். இராஜாங்கம் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

“அன்னிக்குக் களத்துல வந்து உக்காந்தியே, இதச் சொல்லத்தானா?”

“இதத்தான் தோழர்.”

ஜெக்கரியா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை அது.

“கொஞ்சம் வெளங்குற மாதிரி சொல்லியிருக்கலாமே இராஜாங்கம்,” என்றார்.

இராஜாங்கம் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்த டியூபைத் தண்ணீருக்குள் அமுக்கினார். எந்த இடத்திலும் குமிழி வரவில்லை. திரும்பவும் அமுக்கிப் பார்த்தார். ஜெக்கரியா போய்வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருஷம் தண்ணீர் வந்ததும் எல்லோரும் வயலுக்குப் போவதைப் பார்த்துச் சாமிதுரையும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். கால் போன வயலில் இறங்கி வரப்பு வெட்டத் தொடங்குவான். யாரும் அவனை விரட்டவில்லை. “இது இல்ல சாமிதுரை, ஒன்னோடது அந்தப் பக்கம்,” என்று அனுப்பிவிடுவார்கள். அந்தப் பக்கத்துக்காரர் அதற்கடுத்த பக்கம் அனுப்புவார். ஒருநாள் வெயில் ஏறும்வரை அப்படியே ஊரைச் சுற்றிவிட்டு வரப்பில் மயங்கிக் கிடந்தான். அதிலிருந்து அம்சவல்லி நடவுக்கோ களைக்கோ எங்கே கூலிக்குப் போனாலும் அவனையும் கூட்டிக்கொண்டு போனாள். நிழல் இருக்கிற வரப்பாகப் பார்த்து உட்கார வைத்துவிட்டு, வேலை செய்கிற இடத்திலிருந்து அடிக்கடி நிமிர்ந்து பார்ப்பாள். நடவுப் பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டு அவளுக்காகக் காத்திருப்பார்கள்.

மத்தியானத்தில் இராஜாங்கம் கடையைச் சாத்திவிட்டுக் கஞ்சித் தூக்கோடு போவார். ஒருநாள் அவள் வேலை செய்தது அவர்களிடமிருந்து போன அதே வயலில். சாமிதுரை பூவரச மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அம்சவல்லி சேற்றுக் காலோடு கரையேறி வந்தாள்.

“நான் வேணும்னா இவர கடையிலேயே வெச்சுக்கறேனே அம்சம். நீ நிம்மதியா வேல பாரு.”

“வேணாண்ணே. கண்ணு முழிச்சா என்னையத் தேடுறாரு.”

“திருச்சியில ஒரு டாக்டர் இருக்காராம். கேட்டுப் பாக்கவா?”

அவள் வாய்க்காலில் கையைக் கழுவினாள். முகத்தையும் கழுவிக்கொண்டாள். தூங்குகிறவனின் முகத்துக்கு வெயில் வந்திருந்தது. துண்டை இழுத்து அவன் கண் மேல் போட்டாள்.

“கேளு,” என்றாள். “அந்தத் தூக்குப் பாத்திரத்தக் கொஞ்சம் நெழல்ல வையிண்ணே. கஞ்சி புளிச்சிரும்.”